ரேக் வாங்கும் முன் எடை போடுங்கள்: வீட்டுப் பட்டறையை அடுக்கும் விதம்

கேள்வி இதுதான்: "வீட்டில் 10-க்கு 14 அடி அறை ஒன்றைப் பட்டறையாக வைத்திருக்கிறேன். மர வேலை, கொஞ்சம் வெல்டிங், வீட்டு ரிப்பேர் எல்லாம் அங்கேதான். மெஷின்கள் தரையில் கிடக்கின்றன. போல்ட், நட்டு, ஸ்க்ரூ எல்லாம் பழைய டப்பாக்களில். பலகைகள் சுவரில் சாய்ந்தபடி. கனமான சாமான் தாங்கும் இரும்பு ரேக் இரண்டு மூன்று வாங்கிப் போடலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது, எதை எங்கே வைப்பது?"

இன்னும் வாங்கவில்லை என்பது நல்லது. நிறையப் பேர் ரேக்கை வாங்கி நிறுத்திவிட்டு, கைக்கு வந்ததைக் கைக்கு வந்த தட்டில் ஏற்றுகிறார்கள். ஆறு மாதத்தில் ரேக் நிரம்பிவிடும், தரையும் பழையபடி நிரம்பிவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விஷயங்கள் தெரிந்தால் போதும். அதன் இடம் தானாக முடிவாகிவிடும். ஒன்று, அது எத்தனை கிலோ. இன்னொன்று, உங்கள் கை அதை எத்தனை நாளுக்கு ஒருமுறை தேடுகிறது. ரேக்கின் அளவு, தட்டின் உயரம், எந்தச் சுவர் என்பதெல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே ஒரு முழு நாளை ஒதுக்கி, அறையில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துப் பரப்புங்கள். ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் மெஷின் ஒன்று போதும். பொருளைக் கையில் பிடித்தபடி ஏறி நில்லுங்கள், பிறகு வெறுங்கையோடு ஏறுங்கள். வித்தியாசம்தான் அதன் எடை. சாக்பீஸால் பொருளின் மேலேயே எழுதிவிடுங்கள். தூக்க முடியாத மெஷினுக்கு அதன் கையேட்டிலோ, உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ எடை போட்டிருக்கும்.

இதைச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம்தான் வரும். பெரிதாகத் தெரிவது கனமாக இருக்காது, சிறியதுதான் முதுகை ஒடிக்கும். பெட்டியோடு சேர்த்து ஒரு டிரில் மெஷின் மூன்று நான்கு கிலோ இருந்தால் அதிகம். ஆனால் 5 லிட்டர் டப்பா நிறைய போல்ட், நட்டு போட்டுத் தூக்கிப் பாருங்கள், 15 கிலோவிலிருந்து 20 கிலோ வரை வரும். இரும்பு தண்ணீரைவிட ஏறக்குறைய 7.85 மடங்கு கனம். நடுவில் காற்று இடைவெளி இருந்தும் இந்த எடை. அப்படி ஆறு டப்பாவை ஒரே தட்டில் வரிசையாக வைத்தால் 90 கிலோவிலிருந்து 120 கிலோ வரை வந்துவிடும், தட்டில் பாதி இடம் இன்னும் காலியாகக் கிடக்கும். காலி இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

எடை போடும்போதே பிரித்தும் வையுங்கள். வாரத்தில் பல முறை எடுப்பது ஒரு பக்கம், மாதம் ஒருமுறை எடுப்பது ஒரு பக்கம், வருடத்துக்கு ஒருமுறை தொடுவது ஒரு பக்கம். நான்காவதாக ஒரு குவியல் கட்டாயம் விழும்: உடைந்தது, இரட்டையாக இருப்பது, என்றாவது பயன்படும் என்று எடுத்து வைத்தது. அந்தக் குவியலுக்கு ரேக்கில் இடம் கிடையாது. இதில் மட்டும் நான் கறாராக இருப்பேன். கெட்டுப்போன மோட்டாருக்காக ஒரு தட்டு கட்டுவதைவிட, அந்தத் தட்டின் இடத்தில் நீங்கள் நின்று வேலை செய்யலாம்.

இப்போது ரேக்குக்கு வருவோம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஒரு கிலோ கணக்கு இருக்கும். அது ஒரு தட்டுக்கா, மொத்த ரேக்குக்கா என்பதை முதலில் கேளுங்கள். ஐந்து தட்டு ரேக்கில் "500 கிலோ" என்றால் தட்டுக்கு 100 கிலோதான் என்று அர்த்தமாக இருக்கலாம். அடுத்து, அந்தக் கணக்கு தட்டு முழுக்கச் சமமாகப் பரவிய எடைக்குச் சொல்லப்படுவது. மாவு மூட்டையைப் பிரித்துப் பரப்பியது போலக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதே எடையை நடுவில் ஒரே இடத்தில் வைத்தால், தட்டைத் தாங்கும் சட்டத்தில் ஏற்படும் வளைவு விசை இரண்டு மடங்காகிவிடும். 100 கிலோ என்று எழுதிய தட்டின் நடுவில் 100 கிலோ கம்ப்ரஸரை உட்கார வைக்க முடியாது. 50 கிலோதான் நியாயம். கனமான ஒற்றைப் பொருளை எப்போதும் தட்டின் ஓரமாக, செங்குத்துக் காலை ஒட்டி வையுங்கள். நானாக வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: எழுதியிருப்பதில் 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. நாளைக்கு யாரோ ஒருவர் வந்து அந்தத் தட்டில் இன்னொரு பெட்டியைச் செருகத்தான் போகிறார்.

அகலத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 120 செ.மீ. அகல ரேக் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், ஒரே வரிசையில் நிறைய அடங்கும். ஆனால் அதே தடிமன் சட்டத்தில், அதே நெருக்கத்தில் பொருள் அடுக்கினால், 90 செ.மீ. தட்டு தொய்வதைப்போல மூன்று மடங்குக்கு மேல் 120 செ.மீ. தட்டு தொய்யும். தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. நீளத்தை ஒரு பங்கு கூட்டினால் தொய்வு பல பங்கு கூடும். கனமான சாமானுக்கு 90 செ.மீ. ரேக் இரண்டை வாங்குங்கள். இலேசான, அகலமான பொருள்களுக்கு 120 இருக்கட்டும்.

ஆழம் 45 செ.மீ. போதும். 60 செ.மீ. ஆழத்தில் பின்வரிசைப் பொருளை மறந்தே விடுவோம். மறந்ததை மறுபடி வாங்குவோம். பெயின்ட் டப்பா, ஸ்ப்ரே, பசை போன்றவற்றுக்கு 30 செ.மீ.கூடத் தாராளம், ஒரே வரிசையில் எல்லாம் கண்ணில் படும்.

தட்டுப் பலகை என்ன பொருள் என்பதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. நான் அதில்தான் அடிபட்டேன். என் முதல் ரேக்கின் சட்டங்கள் நல்ல இரும்பு. தட்டுகள் பார்ட்டிகிள் போர்டு, மேலே வழவழப்பான வெள்ளை உறை. ஒரு தட்டின் நடுவில் போல்ட் டப்பாக்களை வைத்திருந்தேன். வைத்த அன்று பலகை நேராகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்துக் குனிந்து பார்த்தபோது நடுவில் ஒரு விரல் தடிமனுக்கு இறங்கியிருந்தது. எடையைக் கூட்டவே இல்லை, ஆனாலும் இறங்கிக்கொண்டே இருந்தது. மரத்தூளைப் பசையில் கெட்டித்துச் செய்த பலகைகளின் குணம் அது: தொடர்ந்து சுமை இருந்தால் காலப்போக்கில் தானாகத் தளர்ந்து வளையும். ஜன்னல் ஓரமாக இருந்ததால் மழைச் சாரலும் பட்டிருக்கிறது. உறை இல்லாத வெட்டு விளிம்பு ஈரம் குடித்து உப்பி, விரலால் நிமிண்டினால் உதிர்ந்தது. ஒரு நாள் இரவு பலகை நடுவில் முறிந்து, டப்பாக்கள் கீழ்த்தட்டில் விழுந்து, அந்தத் தட்டும் முறிந்தது. அறையில் யாரும் இல்லை. காலையில் கதவைத் திறந்தபோது தரை முழுக்க ஆயிரக்கணக்கான ஸ்க்ரூக்கள். அவற்றை அள்ளிப் பிரிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

அன்றிலிருந்து என் சிபாரிசு பிளைவுட்தான், 18 மி.மீ. தடிமன். கனமான எதையும் பலகை தனியாகத் தாங்க வேண்டியதில்லை. சட்டமும் சேர்ந்து தாங்குகிறது. ஆனாலும் தடிமன் முக்கியம். பலகையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. 12 மி.மீ. பலகையைவிட 18 மி.மீ. பலகை ஒன்றரை மடங்குதான் தடிமன், ஆனால் விறைப்பில் அதைவிட மூன்று மடங்குக்கு மேல். பழைய ரேக்கில் பார்ட்டிகிள் போர்டு இருந்தால் சட்டத்தை வைத்துக்கொண்டு பலகையை மட்டும் மாற்றிவிடலாம். விளிம்புகளுக்கு இரண்டு கோட் வார்னிஷ் அடித்துவிடுங்கள். மடித்த இரும்புத் தகட்டுத் தட்டும் நல்லதுதான், குறிப்பாக எண்ணெய், கிரீஸ் வைக்கும் இடத்துக்கு. கம்பி வலைத் தட்டில் தூசி தங்காது, காற்று ஓடும். ஆனால் சிறிய கருவிகள் வலையில் மாட்டிச் சாயும், அதன்மேல் ஒரு பலகை போட வேண்டி வரும்.

இரும்பு ரேக்கில் உங்கள் முன் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, துளை போட்ட எல் வடிவ ஆங்கிளில் நட்டு போல்ட் போட்டு முடுக்குவது. ஸ்லாட்டட் ஆங்கிள் என்று கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். லண்டனில் அச்சகம் நடத்திய டிமெட்ரியஸ் கொமினோ 1947-ல் டெக்ஸியன் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வேண்டியபோது கழற்றி, வேறு அளவில் மறுபடி பூட்டலாம் என்பதே இதன் பெருமை, இன்றும் அதுவே. இன்னொன்று, சாவித்துளையில் தலை உள்ள பிதுக்கத்தைச் செருகி ரப்பர் சுத்தியலால் தட்டி இறுக்கும் போல்ட் இல்லாத வகை. ஒரே ஆள் அரை மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். இரண்டில் எது என்று கேட்டால், வீட்டுப் பட்டறைக்கு எனக்கு ஸ்லாட்டட் ஆங்கிள் பிடிக்கும். அறைக்கு ஏற்ற உயரத்தில் அறுத்துக்கொள்ளலாம், உடைந்த உறுப்பை மட்டும் மாற்றலாம். ஒரே நிபந்தனை, மூலைகளில் முக்கோணத் தகடு போட வேண்டும். கஸெட் பிளேட் என்று கேளுங்கள். அது இல்லாத ஆங்கிள் ரேக் தாளம் போடும். முக்கோணத் தகடு போட மனமில்லை என்றால் பின்பக்கம் குறுக்காக இரண்டு பட்டை இழுத்துக் கட்டுங்கள்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. உயரமான மெஷின் ஒன்றை வைக்க இடம் வேண்டும் என்று நடுத்தட்டைக் கழற்றிவிடுவோம். அல்லது கீழே கம்ப்ரஸரைத் தள்ளி வைக்க முதல் தட்டை முழங்கால் உயரத்துக்கு மேலே ஏற்றிவிடுவோம். தட்டு என்பது பொருள் வைக்க மட்டும் இருப்பதில்லை. இரண்டு கால்களையும் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவதும் அதுதான். மெலிந்த தூண் ஒன்று மேலிருந்து அழுத்தும்போது எந்தச் சுமையில் பக்கவாட்டில் வளைந்து மடியும் என்பதை லியோனார்ட் ஆய்லர் 1744-லேயே கணக்காக எழுதினார்: பிடிப்பில்லாத நீளம் இரண்டு மடங்கானால் மடியாமல் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகிவிடும். நடுத்தட்டைக் கழற்றும்போது நீங்கள் செய்வது அதைத்தான். தட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பலகையை மட்டும் எடுங்கள், சட்டம் இருக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் அந்த ரேக்கின் மேல்தட்டுகளில் இலேசான பொருளை மட்டும் வையுங்கள். கம்ப்ரஸர் போன்றவற்றை ரேக்கின் அடியில் திணிப்பதைவிட அதற்குத் தரையில் தனி மூலை கொடுப்பதே மேல்.

தரையையும் பாருங்கள். ஐந்து தட்டில் தலைக்கு 200 கிலோ ஏற்றினால் மொத்தம் 1000 கிலோ, ஒரு காலுக்கு 250 கிலோ. காலின் அடித்தகடு 4-க்கு 4 செ.மீ. என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 15 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. டைல்ஸுக்கு அடியில் சிமெண்ட் சரியாகப் பரவாமல் வெற்றிடம் இருந்தால் அந்த இடத்தில் டைல்ஸ் விரியும். தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம் வரும் இடம் அதுதான். ஒவ்வொரு காலுக்கும் 10-க்கு 10 செ.மீ. இரும்புத் தகடு ஒன்று வையுங்கள், அழுத்தம் 2.5 கிலோவுக்கு இறங்கிவிடும். தரைத்தளத்தில் இதோடு பிரச்சினை முடிந்தது. பட்டறை மாடியில் என்றால் வேறு கதை. வீட்டு அறையின் தளத்தைப் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை பயன்பாட்டுச் சுமை என்று கணக்கிட்டுத்தான் கட்டுகிறார்கள். 90-க்கு 45 செ.மீ. ரேக் அரை சதுர மீட்டர்கூட அடைப்பதில்லை. அதில் ஒரு டன் ஏற்றும் எண்ணம் இருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

ரேக் எங்கே நிற்க வேண்டும் என்பதை அட்டைப்பெட்டிகளை வைத்து முடிவு செய்யுங்கள். வாங்கப் போகும் அளவைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, அந்தக் கோட்டுக்குள் காலிப் பெட்டிகளை அடுக்கி, இரண்டு நாள் அப்படியே வேலை செய்து பாருங்கள். எட்டடிப் பலகையைத் திருப்ப முடிகிறதா? கதவு முழுக்கத் திறக்கிறதா? ஜன்னல் வெளிச்சம் வொர்க் பெஞ்சில் விழுகிறதா? நடக்கும் வழிக்கு 90 செ.மீ. விடுங்கள், குனிந்து கீழ்த்தட்டிலிருந்து பெட்டியை இழுக்க அவ்வளவு வேண்டும். வட்ட ரம்ப மெஷின் இருந்தால், அதில் அறுக்க நீங்கள் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால், துண்டு எகிறி வரும் திசையில், கண்ணாடி பாட்டிலோ ஸ்ப்ரே டப்பாவோ இருக்கும் தட்டு வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டி நிறுத்துவதானால் 5 செ.மீ. விட்டு நிறுத்துங்கள், சுவரில் ஊறும் ஈரம் காற்றில் உலரட்டும்.

பூட்டும்போது அவசரம் வேண்டாம். போல்ட்களை எல்லாம் முதலில் விரலால் மட்டும் முடுக்கி, முழு வடிவமும் வந்த பிறகு டேப்பை எடுங்கள். பின்பக்கச் சட்டத்தில் ஒரு மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு அளந்து, பிறகு மற்ற இரண்டு மூலைக்கும் அளங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். 180 உயரம், 90 அகலம் என்றால் இரண்டும் 201 செ.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். ஒன்று கூடி இன்னொன்று குறைந்தால் ரேக் சாய்சதுரமாக நிற்கிறது. கூடிய மூலையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு அப்புறம்தான் ஸ்பேனர். ரசமட்டத்தை நீளவாக்கிலும் ஆழவாக்கிலும் வைத்துப் பாருங்கள். பள்ளமான காலுக்குக் கீழே தகடு கொடுங்கள். மரச்சீவல் கொடுத்தால் நாளடைவில் நசுங்கிவிடும்.

சுவரோடு கட்டுவது விருப்பம் சார்ந்த விஷயம் அல்ல. ஆழத்தைப்போல நான்கு மடங்கு உயரத்தை ரேக் தொட்டாலே நான் கட்டிவிடுவேன். 45 செ.மீ. ஆழமும் 180 உயரமும் சரியாக அந்த எல்லையில் நிற்கின்றன. வீட்டில் குழந்தைகள் இருந்தால் எந்த அளவானாலும் கட்டுங்கள். தட்டு என்றால் அவர்களுக்கு ஏணிப்படி. மேல் சட்டத்தில் இரண்டு ஓரத்திலும் எல் வடிவப் பிடிகள், சுவரில் 8 மி.மீ. ஆங்கர் போல்ட், அதாவது முடுக்கும்போது துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட். கான்கிரீட்டிலும் கெட்டியான செங்கல்லிலும் இது பிடிக்கும். துளையிட்ட பிறகு உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுக்க மறக்காதீர்கள், தூளோடு போட்ட ஆங்கர் வழுக்கும். துளையின் ஆழத்தைப் பூச்சுக்கு உள்ளே இருக்கும் செங்கல்லிலிருந்து கணக்கிடுங்கள். பூச்சு எதையும் தாங்காது. உள்ளே வெற்றிடம் உள்ள கற்களில் விரியும் ஆங்கர் கல்லின் மெல்லிய சுவரை உடைத்துவிடும். அங்கே வலைக்குழாயோடு போடும், விரியாமல் பசையால் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கர்தான் சரி. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் துளையிட வேண்டாம், ஒயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும்.

இனி எது எங்கே. இங்கே இரண்டு நியாயங்கள் மோதும். ரேக் நிலையாக நிற்கக் கனமானது அடியில் இருக்க வேண்டும். உங்கள் முதுகு நன்றாக இருக்கக் கனமானது இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் அமைப்பு 1991-ல் திருத்திய தூக்கும் கணக்கில், எல்லாமே சாதகமாக இருக்கும்போது தூக்கத் தகுந்த எடை 23 கிலோ என்றும், அப்படிச் சாதகமான உயரம் தரையிலிருந்து 75 செ.மீ. என்றும் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே குனிய வேண்டியிருந்தாலும், மேலே எட்ட வேண்டியிருந்தாலும், பொருள் உடம்பைவிட்டுத் தள்ளி இருந்தாலும் அந்த எடை குறைந்துகொண்டே போகும். பொருள்மேல் சாக்பீஸால் எழுதிய கிலோவும், பிரித்து வைத்த குவியலும் உதவும் இடம் இதுதான். கனம், ஆனால் அடிக்கடி எடுப்பது என்றால் 75 செ.மீ. தட்டு. என் பட்டறையில் அந்தத் தட்டும் வொர்க் பெஞ்சும் ஒரே உயரம். கட்டிங் மெஷினைத் தூக்குவதே இல்லை, இழுத்து நகர்த்தி பெஞ்சில் வைத்துவிடுவேன். கனம், ஆனால் வருடத்துக்கு ஒருமுறைதான் என்றால் அடித்தட்டு. இலேசு, எப்போதும் வேண்டும் என்றால் மார்பிலிருந்து கண் உயரம் வரை. இலேசு, எப்போதாவது என்றால் உச்சி. தோளுக்கு மேலே இருப்பதில் எதுவும் ஒரு கையால் எடுக்க முடியாத அளவு கனமாக இருக்கக் கூடாது. ஸ்டூல் மேல் ஏறி நிற்கும்போது இன்னொரு கை பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடித்தட்டு தரையிலிருந்து 10, 15 செ.மீ. தள்ளி இருக்கட்டும். துடைப்பம் போக வேண்டும், தண்ணீர் கொட்டினால் பொருள் நனையக் கூடாது.

போல்ட், ஸ்க்ரூ விஷயத்தில் பெரிய டப்பாக்களை விட்டுவிடுங்கள். கைப்பிடியோடு தூக்கிக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்கே போகக்கூடிய, ஆழம் குறைந்த, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பெட்டிகள் வேண்டும். நிரப்பிய பிறகு ஒன்று 5 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவை முதலில் தடிமன் வாரியாகப் பிரியுங்கள், அதற்குள் நீளம். காரணம், வேலை நடுவில் நீளம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் சமாளிக்கலாம், தடிமன் மாறினால் துளையே மாற வேண்டும். லேபிளில் "எம்6 × 25" (6 மி.மீ. தடிமன், 25 மி.மீ. நீளம்) என்று மட்டும் எழுதாமல் ஒரு ஸ்க்ரூவை எடுத்துப் பெட்டியின் முகப்பில் ஒட்டிவிடுங்கள். கண் எழுத்தைப் படிப்பதற்கு முன் வடிவத்தைப் பிடித்துவிடும். உதவிக்கு வரும் பையனும் கேட்காமல் எடுப்பான்.

கைக்கருவிகள் ரேக்குக்கு உரியவை அல்ல. உளி, அரம், திருப்புளி, சுத்தியல் எல்லாம் பெஞ்சுக்கு நேர் மேலே சுவரில், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொங்கட்டும். தட்டில் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், உளியின் முனை உடையும்.

பலகைகளைச் சாய்த்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். முழு பிளைவுட் ஷீட்டை நெட்டுக்குத்தாக, ஏறக்குறைய செங்குத்தாக, அடியில் இரண்டு கட்டையும் பக்கத்தில் தாங்கலும் கொடுத்து நிறுத்தலாம். சாய்வு அதிகமானால் நிரந்தரமாக வளைந்துவிடும். 18 மி.மீ. ஷீட் ஒன்று 30 கிலோவை ஒட்டி இருக்கும். நாலைந்து சேர்ந்து சாய்ந்தால் ஆளை அமுக்கிவிடும் கனம். முன்பக்கம் ஒரு சங்கிலியோ பட்டையோ குறுக்கே மாட்டுங்கள். நீளச் சட்டங்களும் குழாய்களும் சுவரிலிருந்து நீட்டிய தாங்கிகளில் படுத்திருக்கட்டும், தாங்கிக்குத் தாங்கி 50 செ.மீ. போல.

கடைசியாகத் திரவங்கள், இதை அலட்சியமாக விட முடியாது. தின்னர், பெட்ரோல், பெயின்ட் எல்லாம் மூடியுள்ள இரும்பு அலமாரி ஒன்றில், வெல்டிங்குக்கும் கிரைண்டருக்கும் எதிர் மூலையில். தின்னரின் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து தூரத்துப் பொறியைத் தேடிப் போகும். ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது உலரும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சூடாகும், சூடு வெளியேற வழியில்லாவிட்டால் யாரும் பற்றவைக்காமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட இரும்பு டப்பாவில் போடுங்கள். கேஸ் சிலிண்டர்கள் நின்றபடி, சங்கிலி கட்டி, ரேக்கைவிட்டுத் தள்ளி. மெஷின் பேட்டரிகளை மரத்தூள் படியும் தட்டில் வைத்து இரவு முழுக்கச் சார்ஜ் போடாதீர்கள்.

ஆசிட் பற்றித் தனியாகச் சொல்கிறேன். துரு எடுக்க வாங்கிய ஹைட்ரோகுளோரிக் அமிலம் அரை பாட்டில் மிச்சமிருந்தது. மூடியை நன்றாகத் திருகி, கீழ்த்தட்டின் உள்மூலையில் வைத்தேன். சில வாரங்களில் அந்தத் தட்டின் மேல் இருந்த மூலைமட்டத்தின் அலகில் பழுப்புப் பொட்டுகள் தெரிந்தன. ஈரம் என்று நினைத்து எண்ணெய் தடவினேன். மறுபடியும் வந்தது. அப்புறம் டிரில் பிட்டுகள், அப்புறம் இழைப்புளியின் அலகு. பாட்டிலுக்கு அருகில் இருந்தவை அதிகமாக, தள்ளி இருந்தவை குறைவாகத் துருப்பிடித்திருந்ததைப் பார்த்தபிறகுதான் விளங்கியது. மூடிய பாட்டிலிலிருந்தும் அதன் ஆவி கசியும், இரும்பைத் தேடித் தின்னும். அப்பாவிடமிருந்து வந்த இழைப்புளி அது. அலகை மறுபடி தீட்டி எடுத்தேன், ஆனால் அடிப்பாகத்தில் குழிந்த புள்ளிகள் இன்றும் இருக்கின்றன. ஆசிட்டைப் பட்டறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். வெளியே, நிழலில், பிள்ளைகளுக்கு எட்டாத பூட்டிய இடத்தில் வையுங்கள்.

எல்லாம் ஏற்றி முடித்து ஒரு மாதம் ஆனதும் போல்ட்களை ஒருமுறை மறுபடி முடுக்குங்கள். சுமை ஏறிய பிறகு அவை கொஞ்சம் இளகியிருக்கும். ஒவ்வொரு தட்டின் முன் விளிம்பிலும் ஒரு காலிலிருந்து மறுகால்வரை நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 90 செ.மீ. தட்டில் 5 மி.மீ. வரை பரவாயில்லை. அதைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே சுமையில் பாதியை இறக்கிவிடுங்கள். மறுநாளும் நூல் அதே இடைவெளியைக் காட்டினால் அந்தப் பலகையைக் கழற்றி மாற்றிவிடுங்கள்.